நூற்றிருபதுக்கு எண்பது

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியதும் முதலில் கேட்பது மின்விசிறி. அடுத்தது, சொந்தத் துப்பட்டா ரப்பர் குழாயில் உரசுகிற சத்தம். பிறகு பக்கத்து மேசைச் சிரிப்பு, சாலையில் போகிற பேருந்தின் ஹாரன். கையிலிருந்து வரவேண்டிய ஒலியைத் தவிர மற்ற எல்லாம் கேட்கும். 2008 வாக்கில் திண்டுக்கல்லில் ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்த அந்தப் பெண் முதல் சில பிராக்டிகல் வகுப்புகளில் கேட்டது இவ்வளவுதான்.

வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் அவளைப் போன்றவர்கள். ப்ளஸ் டூ முடித்து, பி.எஸ்சி. நர்சிங்குக்குக் கட்ட வீட்டில் பணம் இல்லாமல், ‘ஒரே வருடத்தில் வேலை’ என்ற நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள். நத்தம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், சின்னாளப்பட்டி என்று காலை பஸ்களில் வந்து இறங்குவார்கள். படுக்கை விரிப்பது, ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, எழுந்திருக்க முடியாதவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது என்று பாடங்கள் நிறைய இருந்தன. வேலைக்குப் போனபின் நாள் முழுக்கச் செய்யப்போவதும் அவற்றைத்தான். ஆனால் ஊரில் யாரும் ‘பெட்பேன் வைப்பியா’ என்று கேட்பதில்லை. ‘பிபி பார்ப்பியா?’ என்றுதான் கேட்பார்கள். ‘பார்ப்பேன்’ என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அவள் அன்றே நர்ஸ்.

பயிற்சி மேசையில் இருந்தது டயமண்ட் கம்பெனியின் பாதரசப் பெட்டி. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் டாக்டர் மேசை என்றால் அதன்மேல் இந்தப் பெட்டி இருக்கும். மூடியை நிமிர்த்தினால் கண்ணாடிக் குழாய். 0 முதல் 300 வரை அளவுக்கோடுகள். ஒவ்வொரு கோடும் இரண்டு மில்லிமீட்டர். பாதரசத் தொட்டியின் திருகைத் திறக்காமல் பம்பை அழுத்திவிட்டு ‘மேடம், மிஷின் ரிப்பேர்’ என்று கத்துவது எல்லா பேட்சிலும் நடப்பதுதான்.

மேடம், அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாடத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குக் கடைசி இடம். முதலில் உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை ஒன்றின்மேல் தாங்கியிருக்க வேண்டும், அந்தக் கை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். டீயோ காபியோ பீடியோ ஆகியிருந்தால் அரை மணி நேரம் கழித்து வரச்சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமா என்றுகூடக் கேட்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தாலே அளவு ஏறும். “இவ்வளவும் பண்ணிட்டுத்தான் பம்பைத் தொடணும்” என்பார். மாணவிகளுக்கு இது வயதானவர்களின் நச்சரிப்பாகத்தான் பட்டது.

ஆனால் கணக்கு மேடத்தின் பக்கம் இருந்தது. கை இதயத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால், அந்த ரத்தத்தின் எடையே பாதரசத்தில் ஏழெட்டு மில்லிமீட்டராகக் கூடிவிடும். கையைத் தாங்காமல் அந்தரத்தில் நீட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம். பேசிக்கொண்டே இருந்தால் பத்துகூட ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அதற்கும் மேலே. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்துகொண்டால், நன்றாக இருக்கிறவர் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்குப் போவார்.

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தி கையை மற்றவள் அளக்க வேண்டும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே பட்டை. மடிப்பின் உட்பக்கம், சுண்டுவிரல் ஓரமாக விரலை வைத்துத் தேடினால் நாடி தட்டுப்படும். ஸ்டெதஸ்கோப்பின் வட்டம் அங்கே உட்கார வேண்டும். காதில் மாட்டும் முனைகள் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் காதுத்துளை அடைபட்டு ஒன்றும் கேட்காது. பம்பை அழுத்தி ஏற்றி, திருகை மெல்லத் தளர்த்தி, வினாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் பாதரசத்தை இறக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. புதுக் கை திருகைத் தளர்த்தினால் ஒன்று பாதரசம் மடமடவென்று தரைக்கு வந்துவிடும், அல்லது நகரவே நகராது. அதற்குள் எதிரே இருப்பவள் விரல் நீலம் பாரித்து, “அடியே, கை மரத்துப்போச்சுடி, விடு” என்று கெஞ்சுவாள். சாயங்காலம் எல்லோர் கையிலும் பட்டையின் தடம் சிவந்து கிடக்கும்.

ரெக்கார்ட் நோட்டுகள் திருத்தப்பட்ட நாள் வகுப்புக்கு நன்றாக நினைவிருக்கும். ஒவ்வொருத்தியும் தோழிகள், பெற்றோர், ஹாஸ்டல் சமையல்கார அக்கா என்று அளந்து எழுதியிருந்தார்கள். நோட்டுக்கு நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஒரே எண்: 120/80. மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் பிள்ளைகளா, நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒரே குழாய்லதான் ரத்தம் வருதோ?”

ஒருத்தி மட்டும் புத்திசாலித்தனமாக 125/85 என்று மாற்றி எழுதியிருந்தாள். அவள்தான் முதலில் மாட்டினாள். இரண்டிரண்டாகக் கோடு போட்ட குழாயில் 125 எங்கிருந்து வரும்? பாதரசப் பெட்டியில் அளந்தால் இரட்டைப்படை எண்தான் வர முடியும். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் பூஜ்யத்தில் முடியும் அளவுகள் அளவுக்கு மீறி இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும், வருவதில்லை. அந்த நோட்டுகளில் இருந்தது திண்டுக்கல்லுக்கு மட்டும் உரிய சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. முழு எண்ணைக் கண்டால் மனிதக் கண் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

மேடம் திட்டவில்லை, மறுநாள் இரட்டை ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே வட்டத்திலிருந்து குழாய் பிரிந்து இரண்டு பேர் காதுக்குப் போகும், கற்பிப்பதற்கென்றே செய்த கருவி. ஒரு முனையை அவர் மாட்டிக்கொள்வார், மறுமுனையை மாணவி. ஒலி கேட்ட கணத்தில் மாணவி மேசையைத் தட்ட வேண்டும், நின்றதும் மறுபடி தட்ட வேண்டும். மேடத்தின் விரலும் தட்டும். இரண்டு விரல்களும் சேர்ந்து விழுந்தால் தேறிவிட்டாய். பொய் சொல்ல வழியில்லாத தேர்வு அது.

அப்படித்தான் அவளுக்கு அந்த ஒலி முதன்முதலாகக் கேட்டது. இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பூட்டுப் பட்டறையில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது மாதிரி டக், டக் என்று தொடங்கியது. சற்று இறங்கியதும் தட்டலோடு ஒரு ‘ஷ்’ சேர்ந்துகொண்டது. மறுபடி தெளிவான தட்டல். பிறகு மங்கி, அமுங்கி, ஒன்றுமில்லை. முதல் தட்டல் கேட்ட இடம் மேல் அளவு, ஒலி மறைந்த இடம் கீழ் அளவு. அவளுடைய தோழியின் கை அன்று காட்டியது 108/68. எழுதும்போது அந்த எண் அவளுக்கு விசித்திரமாக இருந்தது; 120 இல்லாத ஆரோக்கியமான மனிதர் ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஐந்து கட்ட ஒலிக்கும் ஒரு ரஷ்ய அறுவை மருத்துவரின் பெயர்தான் இருக்கிறது: நிகோலாய் கொரோட்கோவ். ரஷ்ய – ஜப்பானியப் போரில் காயம்பட்டவர்களின் ரத்தக்குழாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நாளத்தை அழுத்திவிட்டு அதன்மேல் காது வைத்துக் கேட்டுக்கேட்டுத்தான் இந்த வழி அவருக்குப் பிடிபட்டது. 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ராணுவ மருத்துவ அகாடமியில் அவர் இதை வெளியிட்ட குறிப்பு ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. அதற்கு முன் 1896இல் இத்தாலியில் ஷிப்பியோனே ரிவா ரோச்சி கைப்பட்டையையும் பாதரசத்தையும் இணைத்துக் கருவி செய்திருந்தார். சைக்கிள் டியூபும் மைக்கூடும் அவருடைய உதிரிபாகங்களில் அடக்கம். அவர் விரலால் மணிக்கட்டு நாடியைத் தொட்டு மேல் அளவை மட்டும் எடுத்தார். காதைக் கொண்டுவந்து கீழ் அளவையும் பிடித்தவர் கொரோட்கோவ்.

இன்னும் பின்னால் போனால் கதை கொஞ்சம் குரூரமானது. ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனியோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் அதைப் புத்தகமாக எழுதினார். மனிதனுக்கு அப்படிச் செய்தால் 120 என்ற அளவு ஏறத்தாழ ஐந்தடி உயர ரத்தத் தூணாக நிற்கும். பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம் என்பதால்தான் அந்த ஐந்தடி ஒரு மேசைப் பெட்டிக்குள் அடங்குகிறது. இதையெல்லாம் அவள் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டாள். வகுப்பில் சொல்லியிருந்தால் குதிரைக்காகவாவது இன்னும் கொஞ்சம் கவனித்திருப்பார்கள்.

வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் இரட்டை ஸ்டெதஸ்கோப்பிலும் ஒலி சரியாகப் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் சில வருடம் ஷிப்டு பார்த்துவிட்டு, டுடோரியலில் படித்து வந்தவள். மில் இரைச்சலில் வருடக்கணக்கில் நின்ற காதுக்கு மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். மேடத்தின் விரல் தட்டிய பிறகே அவளுடைய விரல் தட்டும். இரண்டு முறை பார்த்துவிட்டு மேடம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்தார். “நீ முதல்ல விரலால படி” என்றார்.

அது பாடத்தில் இருப்பதுதான். மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு பட்டையை ஏற்றினால் ஓர் இடத்தில் நாடி மறையும். அந்த அளவை மனதில் வைத்து, காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அதற்கு மேல் இருபது முப்பது வரை ஏற்றிவிட்டுத்தான் காதால் கேட்க வேண்டும். மற்ற மாணவிகள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். நேரே 160க்கோ 180க்கோ ஏற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். மில்லில் இருந்து வந்தவளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சில வாரங்களில் நாடி மறைவதையும் திரும்புவதையும் விரல் நுனியால் சொல்வதில் வகுப்பில் அவளை விஞ்ச ஆள் இல்லை.

வார்டு டூட்டி தொடங்கியபோது பயிற்சி மேசையின் நேர்த்தியெல்லாம் போய்விட்டது. கையைச் சும்மா நீட்டுகிற நோயாளி அபூர்வம். இறுக்கமான ஜாக்கெட் கை மேலே ஏறாது; சுருட்டி ஏற்றினால் அதுவே இன்னொரு பட்டையாக இறுக்கி அளவைக் கெடுக்கும்; மறைப்புத் திரையை இழுத்துவிட்டு ஒரு பக்கக் கையை மட்டும் உருவச் சொல்ல வேண்டும். முழுக்கைச் சட்டைக்காரர்கள் “இதுக்குமேலேயே பாரும்மா, டாக்டர் அப்படித்தான் பார்ப்பாரு” என்பார்கள். மேற்கையில் தாயத்துக் கட்டியிருப்பவர்களிடம் ‘கழற்றுங்கள்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தவள் இரண்டாம் முறை சொல்ல மாட்டாள். “மறு கையைக் குடுங்க தாத்தா” என்று கேட்பதே வழி.

எந்தக் கை என்பதும் சில நேரம் உயிர்ப் பிரச்சினை. டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் இடது கையை அவள் எடுத்தபோது அவர் பதறி இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா இருந்தது. “தொட்டுப் பாரு தாயி” என்று அவரே அவள் விரலைப் பிடித்து வைத்தார். தோலுக்கடியில் ரத்தம் கிர்ரென்று அதிர்ந்து ஓடியது. அதன்மேல் பட்டையை இறுக்கினால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பிறகு டயாலிசிஸுக்கே வழியில்லை. மார்பகத்தை எடுத்து அக்குள் முடிச்சுகளையும் நீக்கியவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் அளப்பதைத் தவிர்க்கச் சொல்வார்கள். வீக்கம் கண்டுவிடும் என்ற கவலை. கேஸ் ஷீட்டைப் படிக்காமல் கட்டிலுக்குப் போகக்கூடாது என்று அன்றுமுதல் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரசவ வார்டில் மேடம் சிரிப்பதே இல்லை. ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு 140/90 என்றால், ஒலி சரியாகக் கேட்டதா என்று தயங்கிக்கொண்டு நிற்க நேரமில்லை. உடனே ஸ்டாஃபிடம் சொல்லிவிட்டு, தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம்.

நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் தலைச்சுற்றல் என்று ஆண்கள் வார்டில் படுத்திருந்தார். எழுபதை நெருங்கிய வயது. கேஸ் ஷீட்டில் 150/100 என்று இருந்தது. மில்லில் இருந்து வந்தவள் வழக்கம்போல மணிக்கட்டில் விரல் வைத்து ஏற்றினாள். 150இல் நாடி துள்ளியது. 170இல் துள்ளியது. 190இல்தான் மறைந்தது. தன் காதை நம்பாத அவள், விரலையும் சந்தேகப்பட்டு, நம் மாணவியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேடத்திடம் போனார்கள்.

மேடம் 220 வரை ஏற்றிவிட்டு மெல்ல இறக்கினார். 194இல் தட்டல். 170இல் ஒலி நின்றது. நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே முழு நிசப்தம். 150இல் மறுபடி தட்டல் தொடங்கி நூறில் முடிந்தது. நாளங்கள் விறைத்துப்போன முதியவர்களுக்கு, நெடுநாள் ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு இப்படி நடுவில் ஓர் ஒலியில்லாத இடைவெளி வருவதுண்டு. நேரே 160, 170க்கு ஏற்றிக் கேட்டவருக்கு அந்த இடைவெளியில் ஒன்றும் கேட்டிருக்காது. 150இல் தொடங்கிய ஒலியை முதல் ஒலி என்று நம்பி எழுதியிருப்பார். டியூட்டி டாக்டர் வந்து பார்த்து மருந்தை மாற்றி எழுதினார். தோப்புக்காரர் மில் பெண்ணிடம், “கூடவா இருக்கு ஆத்தா? உப்பு கம்மியாத்தான் திங்கிறேன். கருவாடு மட்டும் கொஞ்சம் உண்டு” என்றார்.

இன்னொரு நாள் பயிற்சி அறையில் பாதரசப் பெட்டி மேசையிலிருந்து விழுந்தது. குழாய் உடைந்து வெள்ளி உருண்டைகள் தரையெங்கும் ஓடின. மாணவிகள் குனிந்து, காகிதத்தால் தள்ளி உருண்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து விளையாட ஆரம்பித்தார்கள். மேடம் எல்லோரையும் வெளியே விரட்டி, விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கையுறையோடு சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தார். பாதரசம் அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகும் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகம் இல்லாமலும் அந்த மாவட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளிப்பட்டு 2001இல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு வர 2016 ஆனது.

அந்தப் பெட்டிகளின் காலமும் முடிந்துவிட்டது. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத் தெர்மாமீட்டரையும் பிபி கருவியையும் செய்வதற்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்கும் 2020ஐக் கெடுவாக வைத்தது. இந்தியா 2018இல் அதில் இணைந்தது. இப்போது பெரும்பாலும் டிஜிட்டல். அந்த இயந்திரம் ஒலியைக் கேட்பதே இல்லை. பட்டைக்குள் காற்றின் அதிர்வு எங்கே உச்சம் பெறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால் 117, 143 என்று ஒற்றைப்படையும் வரும். 120/80க்கு அது மயங்குவதில்லை. ஆனால் ஜாக்கெட் கை இறுக்குவதோ, கை கீழே தொங்குவதோ அதற்குத் தெரியாது. இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களிடம் பிழை காட்டிவிட்டு நின்றுவிடுவதும் உண்டு. அப்போது யாராவது பழைய ஆள் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கருவி வீட்டு வாசலுக்கே வந்தது 2021 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது. அதே பகுதிப் பெண்களே தன்னார்வலர்களாக வந்து, அளந்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவள் வீட்டுக்கும் ஒருவர் வருகிறார், மாமியாருக்காக. ஒரு விடுமுறை நாளில் அவள் சமையலறையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயடிச் சண்டையை முதலிலிருந்து விவரித்துக்கொண்டே மாமியார் கையை நீட்டியிருந்தார். இயந்திரம் 157 என்றது.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கைக்கடியில் தலையணை வைத்து, “அத்தை, அஞ்சு நிமிஷம் வாயே திறக்கக்கூடாது” என்றாள். தன்னார்வலப் பெண் போனில் நேரத்தைப் பார்த்தார். மாமியார் இரண்டு முறை பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டார். இரண்டாம் முறை 143.

“பேசாம இருந்தா குறையுதுல்ல? அப்ப எதுக்கு மாத்திரை?” என்று கேட்டார் மாமியார்.

“நூத்தி நாப்பத்து மூணும் கூடத்தான் அத்தை.”

தன்னார்வலப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டாவது அளவைப் பதிந்துவிட்டு, பையிலிருந்து ஒரு மாதத்துக்கான அம்லோடிபின் அட்டைகளை எண்ணிக் கொடுத்தார். மாமியார் அவற்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, குழாயடிக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.